கடைசியாகப் புதுப்பித்தது: காலை 5:40

தேடுபொறி தன் விதிகளை மாற்றிய வாரத்தில் என் வாடிக்கையாளர்கள் ஒன்பது பேரின் இணையதளங்கள் பின்னுக்குப் போயின. டாஸ்மேனியாவின் டோவர் படகுத்துறையில் தூண்டில் இரை விற்கும் டாரினின் பக்கம் மட்டும் முதலிடத்துக்கு ஏறியது. அதில் 'கடைசியாகப் புதுப்பித்தது' என்ற தேதி தினமும் காலை 5:40க்கு மாறிக்கொண்டிருந்தது. எதையும் திருத்தாமல் தேதியை மட்டும் மாற்றுவது, இணையதளங்களைத் தேடலில் முன்னேற்றும் எங்கள் தொழிலின் பழைய பித்தலாட்டம். ஹோபார்ட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு சண்டைக்கே போனேன்.

"ஏன்டி என் மானத்தை வாங்குற?"

"சத்தியமா நான் தொடல. பாஸ்வேர்டே உன்கிட்டதானே இருக்கு, தாயே!"

என்னிடம்தான் இருந்தது. இரண்டு முறை மாற்றியும் ஆகிவிட்டது.

பார்த்தால், தினமும் ஒரு வரியும் புதிதாகச் சேர்ந்திருந்தது. 'வெள்ளைப் படகின் கயிறு அறுந்தது' என்பது நேற்றைய வரி.

"அது அறுந்தது நேத்து மத்தியானம்ல?" என்றாள் டாரின்.

அன்றைய வரி: 'துறையின் முனைவரை இரண்டு பெண்கள் நடந்தார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி வந்தாள்.'

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நடக்காததை எழுதும் பக்கத்துக்கு நான் வேலை செய்வதில்லை. அந்த வரியை நீக்க மடிக்கணினியைத் திறந்தேன். இணைப்பு அறுந்துவிட்டது.

"இங்க சிக்னல் வரும், போகும். முனைக்கு வா, அங்க நல்லா எடுக்கும்."

'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற அட்டையைக் கடைக் கதவில் மாட்டிவிட்டு டாரின் முன்னால் நடந்தாள். நான் முணுமுணுத்தபடி பின்னால் போனேன்.

அட்டை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அந்த வரியை நான் நீக்கவில்லை. பொய்யைத்தான் நீக்குவேன்.