கரிச்சான் பாடியது எது?

கரிச்சான் குருவிக்கு எல்லாப் பறவைகளின் குரலும் வரும். தொண்டை கட்டிய பறவை கிளையில் உட்கார்ந்து வாயசைக்கும். இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கரிச்சான் பாடும். வெளியே மூச்சு விடக் கூடாது என்பது பேச்சு.

"எல்லாத்தையும் பாடினா உன்னை எதுக்குன்னு தேடி வருவாங்க? ஒண்ணைப் பிடிச்சுக்கோ," என்றது அணில்.

"எதை?"

"எது உனக்கு நல்லா வருதோ அதை."

அதுதான் கரிச்சானுக்குத் தெரியவில்லை. பாடச் சொன்னவர்களையே கேட்டுவிடலாம் என்று கிளம்பியது.

"போன மாசம் உனக்காக நான் பாடின காதல் பாட்டு எப்படி இருந்தது?" என்று குயிலிடம் கேட்டது.

"எனக்காகவா? அது நானே பாடினதாச்சே!" என்றது குயில். பொய் சொல்வது போலவும் தெரியவில்லை.

மயிலிடம் மழைப் பாட்டைப் பற்றிக் கேட்டது. "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று மயில் பரிவோடு விசாரித்தது.

கரிச்சானுக்குத் தலை சுற்றியது. நிஜமாகவே நான்தான் பாடினேனா?

கடைசியில் காகத்திடம் போனது. கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியைத் திரும்ப அழைக்க, காகத்தின் குரலில் கரிச்சான் கெஞ்சிப் பாடியிருந்தது. அதைக் கேட்டவள் மலை தாண்டியே போய்விட்டாள்.

"அது... நான் பாடினதுதானா?" என்று பயந்துகொண்டே கேட்டது.

"நீதான்! நீயேதான்! ஒரு வார்த்தைகூட என்னோடது இல்லை!" என்று காகம் காடே கேட்கும்படி கத்தியது.

கரிச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே அணிலிடம் பறந்து வந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன். இனிமே கெஞ்சுற பாட்டு மட்டும்தான்."