பாட்டில் தண்ணீர்

குளோரின் வாடை வந்தாலே என் மகள் மிருதுளா மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஐந்து வயது. குளத்துப் படியைத் தாண்டியதில்லை. நீச்சல் சொல்லித்தரும் மெர்சி மேடம் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, "வீட்ல அவ குளிக்கிற தண்ணி ஒரு பாட்டில் கொண்டாங்க சார். அவளே குளத்துல ஊத்தட்டும். பழகின தண்ணி உள்ள இருக்குன்னா இறங்கிடுவா" என்றார்.

பதினோரு நாள் ஊற்றினாள். இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலி பாட்டிலை என்னிடம் நீட்டி, "நம்ம தண்ணிய எடுத்துக் குடுப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். முக்கி எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "இது இல்லப்பா" என்று கொட்டினாள். வேறு மூலையில் எடுத்தேன். அதுவும் இல்லையாம். எல்லாம் கலந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? மெர்சி மேடமும் என்னைத்தான் பார்த்தார்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு, தானே தேட மிருதுளா இறங்கினாள். ஒவ்வோர் அடிக்கும் அள்ளினாள், முகர்ந்தாள், கொட்டினாள். மேடம் சத்தமில்லாமல் அவள் பக்கத்தில் இறங்கினார். மிருதுளா நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, "நம்ம தண்ணி எந்தப் பக்கம்ப்பா போயிருக்கும்?" என்று கேட்டாள்.

பக்கம் காட்டக் கையைத் தூக்கிவிட்டேன். காட்டுகிற பக்கம் போய்விடுவாள். தூக்கிய கை அப்படியே நிற்கிறது.