நான்கு ஆலைக்கு ஒரு மூடி

"எட்டு மாசமுங்க முதலாளி. பெல்ட் பக்கம் நிக்கவே பயமா இருக்கு. பிரசவ லீவு குடுங்க" என்றாள் அம்சவல்லி.

"அறுப்பு நேரத்துல லீவா? போய் நெல்லைக் கொட்டும்மா" என்றார் அரிசி ஆலை நாகநாதன், கரைவேட்டியை இறுக்கிக்கொண்டு.

அவர் கவலை வேறு. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார். ஓடும் பெல்ட்டுக்கு இரும்பு மூடி வேண்டும் என்பது சட்டம். அந்த வட்டாரத்து நான்கு ஆலைகளுக்கும் சேர்த்து ஒரே மூடிதான். இன்ஸ்பெக்டர் போகிற ஆலைக்கு அது முன்கூட்டியே சைக்கிளில் போய்விடும். இன்று திருவிடைமருதூர் ஆலையிலிருந்து அதைக் கொண்டுவர வேண்டிய கோவிந்தராசுவைக் காணோம்.

வாசலில் ஜீப் நின்றது. நாகநாதன் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார்.

"மூடி எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓடாத பெல்ட்டுக்கு எதுக்கு சார்?"

"ஏன் ஓடலை?"

அம்சவல்லி வயிற்றைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"இந்தப் பொண்ணுக்குப் பிரசவ லீவு குடுத்து வழியனுப்புறோம் சார். அதான்!"

"பேஷ்! சம்பளத்தோட மூணு மாசம்தானே?"

"ஆ... ஆமாங்க."

இன்ஸ்பெக்டர் அதை எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்.

ஜீப் மறைந்ததும் கோவிந்தராசு மூடியோடு வந்து சேர்ந்தான்.

"எங்கடா தொலைஞ்ச?"

"டயர்ல காத்து இறங்கிடுச்சுங்க."

அவன் மூடியை இறக்கி வைத்தான். அம்சவல்லி தூக்குவாளியோடு வந்து, காலியான கேரியரில் உட்கார்ந்தாள். ஆலை வாசலைத் தாண்டியதும் புருஷனின் முதுகைத் தட்டினாள்.

"ஏங்க, புடுங்கிவிட்ட காத்தைத் திரும்ப நல்லா அடிச்சீங்கல்ல?"