பூனைக்குக் கிடைத்த படகு ஒப்பந்தம்

ஆற்றில் படகு விடும் அரசு ஒப்பந்தம் பூனைக்குக் கிடைத்துவிட்டது என்று கேட்டதும் நிருபர் காகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேரே பறந்துபோய் அமைச்சர் கரடியின் முன்னால் உட்கார்ந்தது.

"ஐயா, பூனை தண்ணியில கால்கூட நனைச்சதில்லையே! ஆத்துலயே கிடக்கிற ஆமைக்கு ஏன் குடுக்கலை?"

"ஆமை ஒரு தடவை முயலை நடு ஆத்துல கவுத்துடுச்சு தம்பி. பூனை பேர்ல ஒரு விபத்து உண்டா, சொல்லு?"

காகம் தலையைச் சொறிந்தது. கணக்கு சரிதான், ஆனால் எங்கேயோ இடித்தது.

"அப்போ நாளைக்கு முதல் சவாரி நீங்கதானே ஐயா?"

கரடி எட்டிப் பார்த்தது. கரையில் பூனை, ஈரம் பட்ட பாதத்தை உதறிக்கொண்டு நின்றது.

"நானும் ஏறிட்டா, கரையில நின்னு கொடியசைக்க யாரு இருக்கா?"