லேப்டாப்புக்குள் ஒருவன்

"சார், உங்க பக்கத்துல யாரோ ஒருத்தன் கத்துறானே! யாரையாவது அடிக்கிறானா?"

லைனில் இருந்த வாடிக்கையாளர் அம்மாவின் குரல் நடுங்கியது. வெண்ணெய் சாருக்கு வேர்த்துவிட்டது.

வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே புகார் கேட்கிற வேலை அவருக்கு. எரிந்து விழுகிறவர்கள்கூட அவர் பேச்சில் அடங்கிவிடுவார்கள். ஆபீசில் வைத்த பெயர்தான் வெண்ணெய் சார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்கம்மா, லைன் கோளாறு. நாளைக்கே ஆள் அனுப்பறேன்" என்று குழைந்து பேசி முடித்தார்.

லேப்டாப்பில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றியதிலிருந்து இந்தக் கூத்து. முதலில் மேஜை அதிர்கிற மாதிரி ஒரு 'தொம்'. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு ஆணின் உறுமல். ஒரு வார்த்தையும் புரியாது. கடைசியில், யாரோ அழுகையை விழுங்குகிற மாதிரி ஒரு சின்ன ஒலி.

அப்புறம் வருகிற அமைதிதான் அதைவிட மோசம்.

இன்னொரு வாடிக்கையாளர் இதைக் கேட்டுப் புகார் சொன்னால் வேலை இல்லை என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ரிப்பேர் பார்க்கிற பெண் வந்தாள். விசிறியைக் கழற்றித் துடைத்தாள். ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தாள். லேப்டாப் கம்மென்று இருந்தது.

"இது பழைய லேப்டாப்பும்மா. முன்னால வச்சிருந்தவன் செத்துட்டானாம்" என்றார் வெண்ணெய் சார் மெதுவாக. "பொண்டாட்டி பிள்ளையைப் படுத்தி எடுத்திருப்பான் போல. செத்தும் திருந்தலை பாரு. என்ன ஜென்மமோ!"

"லேப்டாப்புல ஏது சார் பேயி? வைரஸ் வேணா இருக்கும்."

"நீ கேட்கலை, அதான் சிரிக்கிறே. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. வீட்டுல என் பொண்டாட்டிக்கும் பொண்ணுக்கும்தான் அசைவே இல்லை. காதுல விழாத மாதிரியே இருக்காங்க."

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே மகளின் கையிலிருந்து ஒரு தட்டு நழுவி விழுந்தது.

வெண்ணெய் சார் மேஜையில் ஓங்கிக் குத்தினார்.

"அறிவு இருக்கா? மனுஷன் வேலை பார்க்கற இடத்துல எப்பப் பாரு ஏதாவது ஒண்ணு! பிள்ளையை வளர்த்திருக்கற லட்சணத்தைப் பாரு! தொலைச்சுடுவேன் ரெண்டு பேரையும்!"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் ஒரு விசும்பல் தப்பிவிட்டது.

அவர் இந்தப் பக்கம் திரும்பும்போது முகத்தில் பழையபடி வெண்ணெய்.

"நீ பாரும்மா. சின்னச் சின்னதா நாலு வார்த்தை சொன்னாத்தான் வீடு வீடா இருக்கும்."

அறை அமைதியானது. ஜன்னல் திரைகூட ஆடவில்லை.

தொம்.

லேப்டாப்பின் அடிவயிற்றிலிருந்து அந்த உறுமல் கிளம்பியது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. முடியும்போது அந்தச் சின்ன விசும்பல்.

வெண்ணெய் சார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "கேட்டியா? இவன்தான்! இவனேதான்!"

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். பிறகு திரையில் எதையோ தேடித் திறந்து, ஒரு பொத்தானை அமுக்கினாள்.

"உள்ளே யாரும் இல்ல சார். மைக்குல விழறதை ஸ்பீக்கர்ல திருப்பிக் கொடுக்கற வசதி ஒண்ணு இருக்கு. புது சிஸ்டம் ஏத்தினப்ப அது தானா திறந்திருக்கு. மெதுவாப் பேசினா அதுக்கு எட்டலை. சத்தமா எது விழுந்தாலும், அதை ஒட்டி வர்ற சின்னச் சத்தத்தையும் சேர்த்து, கொஞ்சம் பொறுத்து, வார்த்தை புரியாத கட்டைக் குரல்ல திருப்பிச் சொல்லுது."

"அப்போ... அந்த ஆளு?"

அவள் பையை மூடினாள். "அந்த வசதியை அணைச்சுட்டேன். இனிமே அந்தக் குரல் வராது சார்."

கதவு வரை அவளை வழியனுப்ப வந்த மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"லேப்டாப்புல வராது, சரி. வீட்டுக்குள்ள வராம இருக்க எதை அமுக்கணும்மா?"