கவர் கைமாறும் காட்சி

பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். மாங்காய் பறித்த கூலி.

அதைத் தருகிறேன், வா என்றுதான் சிவப்பிரகாஷ் ஆள் விட்டிருந்தான். பெரியமுத்து முதலமடைத் தோப்புக்குள் நுழைந்தபோது, மாமரத்தடியில் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று நின்றது. அதன் தலையில் செல்போன்.

முதல் பறிப்பு முடிந்து ஐந்து வாரம். கேட்கும்போதெல்லாம் "கணக்குப் பாக்கோணும்" என்பான். இன்றைக்கு வீடியோவுக்காகக் கவரில் நோட்டு வைக்கும்போது பத்து ரூபாய் பிசகாமல் எண்ணி வைத்தான். கணக்கு அவனுக்கு என்றைக்கும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

தோப்பு அவன் அப்பன் விட்டுப்போனது. அவன் மரத்தில் ஏறியதில்லை. மாம்பால் பட்டுக் கை வெந்ததில்லை. ஆனால் லிங்க்ட்இன்னில் அவன் பெரிய விவசாயி. கோட்டுப் போட்டவர்கள் ஒருத்தர் முதுகை ஒருத்தர் சொறிந்துவிடுகிற சந்தை அது. அங்கே அவனுக்குப் பதினோராயிரம் பேர் பழக்கம். தோப்பில் பத்து வருஷமாக மாங்காய்ப் பெட்டி, அதாவது பிளாஸ்டிக் கிரேட், அடுக்குகிற சுப்பாத்தாளின் பெயர் மட்டும் தெரியாது. "ஏம்மா" என்பதோடு சரி.

கொச்சியில் ஒரு கம்பெனிக்காரன் இவன் போடுவதையெல்லாம் பார்க்கிறானாம். கூலியை ஒழுங்காகக் கொடுக்கிற தோப்பில்தான் மாங்காய் எடுப்பானாம். அதற்குத்தான் இந்தக் கூத்து.

"அண்ணா, நான் கவரக் குடுப்பன். எண்ணிப் பாத்துட்டு, முழுசா வாங்கிட்டனுங்க, பாக்கி ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லோணும். அப்பறம் இந்தப் பேப்பர்ல கைநாட்டு."

"எனக்குக் கையெழுத்தே வருமுங்க."

"அது வீடியோவுல எடுபடாதுண்ணா. கைநாட்டுன்னாத்தான் பாக்கறவனுக்கு மனசு எளகும்."

ஐம்பது வயதுக்கு மேல், வேலை முடிந்த அலுப்போடு எழுத்து வகுப்பில் உட்கார்ந்து, தன் பெயரை எழுதப் பழகியவர் பெரியமுத்து. அந்த விரலில் இப்போது இவன் மை தடவினான்.

ஆட்டம் தொடங்கியது.

போன் ஓடும்போது 'அண்ணா'. நிறுத்தியதும் 'கொண்டாப்பா'. கவர் கைக்கு வரும். வந்த சூடு ஆறுவதற்குள் போய்விடும். ஒரு தடவை வெயில் சரியில்லை. ஒரு தடவை ரோட்டில் லாரிக்காரன் ஆரன் அடித்துவிட்டான். ஒரு தடவை பெரியமுத்துவின் சிரிப்புப் போதவில்லை.

"காசு வாங்கறவன் மாதிரி சிரிங்கண்ணா!"

"வாங்கிப் பழகியிருந்தாச் சிரிப்பு வருமுங்க."

சிவப்பிரகாஷ் அதற்கும் பல்லைக் காட்டினான். உறைக்கிற ஜாதி இல்லை அவன்.

பெரியமுத்து யோசித்துப் பார்த்தார். பாக்கியில்லை என்று தன் வாயாலேயே சொல்லி, கைநாட்டும் வைத்துவிட்டால், நாளைக்கு எந்த வாயை வைத்துக் கேட்பது? மளிகைக் கடைக்காரன் இனி உப்புக்கூடக் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டான்.

"ஏனுங்க, எடுத்து முடிஞ்சா இந்தக் கவரு எனக்குத்தானுங்களே?"

"அடுத்த வாரம் பாக்கலாம்ப்பா. இது கார் டியூவுக்கு வெச்சது."

சொல்லும்போது அவன் கண் போனில்தான் இருந்தது.

அடுத்த தடவை பெரியமுத்துவே பிரமாதமாக நடித்தார். கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நோட்டை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார். சொல்ல வேண்டியதைத் தோப்புக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பேப்பரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சிரிக்கவும் சிரித்தார்.

"சூப்பர்ண்ணா!"

சிவப்பிரகாஷுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனைப் பிடுங்கி, முதுகைக் காட்டி நின்று, அங்கேயே வீடியோவை ஏற்றத் தொடங்கினான். அதற்கு மேலே இங்கிலீஷில் நீளமாக என்னவோ எழுதினான்.

பெரியமுத்து கவரோடு கிரேட்டுகளுக்குப் பக்கத்தில் குந்தினார். மாங்காய்க்கு அடியில் விரிக்கிற பழைய பேப்பரைக் கிழித்து, விரல் மையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வீடியோ ஏறியது. டிங், டிங் என்று போன் சத்தம் போட ஆரம்பித்தது. சிவப்பிரகாஷ் திரும்பாமலேயே ஒரு கையைப் பின்னால் நீட்டினான்.

"கொண்டாப்பா."

பெரியமுத்து கவரை அந்தக் கையில் வைத்தார். கவர் சட்டைப் பைக்குள் போனது. கண் போனை விட்டு நகரவில்லை.

தோப்பு வாசலில் சுப்பாத்தாள் வழிமறித்தாள். அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"ஏனுங்ண்ணா, குரங்காட்டி குச்சிய நீட்டுனா ஆடற மாதிரி, வாங்கி வாங்கித் திருப்பிக் குடுத்துட்டு வர்றீங்களே. சூடு சொரணை இருக்குதா?"

"கவரத்தான கேட்டான், புள்ள. குடுத்துட்டேன்."

"உள்ள இருந்த காசு?"

பெரியமுத்து வேட்டி மடியை ஒரு தட்டுத் தட்டினார்.

"முழுசா வாங்கிட்டேன்னு சொன்னனல்ல. பொய்யா சொல்லுவன்?"

சுப்பாத்தாள் தோப்புக்குள் எட்டிப் பார்த்தாள். மை துடைத்த பழைய பேப்பரைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, சிவப்பிரகாஷ் இன்னும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கூலிப் பாக்கி தீர்ந்ததற்கு, அந்நேரம் நானூறு பேர் கட்டைவிரலைத் தூக்கிச் சாட்சி சொல்லி முடித்திருந்தார்கள்.