மஞ்சள் பேனரில் ஒரு பெயர்

தையல்கார அக்காவின் மேசையிலிருந்து வழிந்து தரைவரை கிடக்கிறது மஞ்சள் பேனர். அதில் சிவப்புத் துணி எழுத்துகள்: மேலே கோச்சின் பெயர், கீழே 'வெளியேறு'. அந்தப் பெயர்க்காரர் போன வருடமே வெளியேறிவிட்டார். அக்கா பிளேடு முனையால் அந்தப் பெயரைப் பிரிக்கிறார். அறுந்த நூல்கள் மடியில் உதிர்கின்றன. சாயங்கால ஃபுட்பால் ஆட்டத்துக்குள் இப்போதைய கோச்சின் பெயர் அங்கே ஏறியாக வேண்டும், பேனரைக் கொண்டுவந்த வெல்டருக்கு அவசரம். "இந்த ஆளை அனுப்பினாத்தான் டீம் உருப்படும்" என்கிறான். பேனரின் ஒரு முனையைப் பிடித்து நிற்கும் அவன் மச்சான், பஸ் கண்டக்டர், விடுவதாக இல்லை. "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். ஆளில்லாத கோலுக்கு நேரா நின்னு பந்தை வானத்துக்கு அடிக்கிறானுங்க. கோச் என்ன மாப்ள பண்ணுவாரு?" "கோச்சு சொல்லித் தரணும்ல!" ஃபேன் காற்றில் புதிதாக வெட்டிய எழுத்துகள் படபடக்கின்றன. வெல்டர் அவற்றின் மேல் கத்தரிக்கோலைத் தூக்கி வைக்கிறான். பழைய பெயரின் கடைசி எழுத்தும் அக்காவின் கையோடு வந்துவிடுகிறது. அந்த இடம் முழுக்க ஊசித் துளைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. எத்தனையோ பெயர்கள் ஏறி இறங்கிய துணி, வெயில் பட்டதும் சல்லடையாகத் தெரிகிறது. கீழே 'வெளியேறு' மட்டும் தைத்தது தைத்தபடி இருக்கிறது. அக்கா ஊசியில் நூல் கோக்கிறார். "இந்தப் பேரை அழுத்தித் தைக்கவா தம்பி, லேசா ஓட்டி விடவா?" வெல்டர் துணியையே பார்க்கிறான். மச்சான் பக்கம் திரும்பவில்லை.

"லேசாவே போடுங்கக்கா."